எந்த டிஸ்க் எது?

அன்புள்ள தம்பிக்கு,

ஆரக்கிள் ஆர்ஏசி அமைக்க ஸ்டோரேஜ் குழு லன்களை மேப் செய்து கொடுத்துவிட்டது, இரண்டு லினக்ஸ் சர்வர்களிலும் டிஸ்க்குகள் தெரிகின்றன, இனி இன்ஸ்டாலரை ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு வேலை மிச்சமிருக்கிறது. மொத்த அமைப்பிலும் அதையே முக்கியமானதாக நினைக்கிறேன். எந்த டிஸ்க் எது என்பதில் இரண்டு சர்வர்களுக்கும் குழப்பம் இருக்கக் கூடாது. பூட் ஆகும்போது எந்த டிஸ்க் முதலில் தென்படுகிறதோ அந்த வரிசையில்தான் லினக்ஸ் எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைக்கிறது. இங்கே எஸ்டிபியாக இருப்பது அங்கே எஸ்டிடியாக இருக்கலாம். அடுத்த ரீபூட்டில் அதுவும் மாறலாம். மாறாமல் நிற்பது லன்னின் டபிள்யூடபிள்யூஐடி என்ற அடையாள எண். ஸ்கஸி-ஐடி கட்டளையை இரண்டு சர்வரிலும் ஓட்டி, வரும் எண்களை அருகருகே எழுதி ஒப்பிட்டுப் பார். (விஎம்வேர் விஎம் என்றால் அதன் அமைப்பில் டிஸ்க் யூயூஐடியை முதலில் இயக்கிவிடு, இல்லாவிட்டால் எண் வராது.) அந்த எண்ணை வைத்தே யூடெவ் விதியை எழுது: நிலையான ஒரு பெயர், உரிமையாளர் கிரிட், குரூப் ஏஎஸ்எம்அட்மின், அனுமதி 0660.

டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஆரக்கிளின் ஏஎஸ்எம், ஹெட்டரைப் படித்தே தன் டிஸ்க்கைக் கண்டுகொள்ளுமே, பெயர் எப்படி இருந்தால் என்ன என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஹெட்டரைப் படிக்கவே அனுமதி வேண்டுமே! எஸ்டிசி என்ற பெயருக்கு உரிமை கொடுத்திருந்து, ரீபூட்டில் பெயர் இடம் மாறினால், உரிமையும் தவறான டிஸ்க்குக்குப் போய்விடும். 3 வோட்டிங் டிஸ்க்குகள் உள்ள கிளஸ்டரில் 2 டிஸ்க்குகளையாவது எட்ட முடியாத சர்வருக்கு இடமில்லை. ஆகவே இந்தச் சின்னப் பிசகு ஒரு சர்வரையே வெளியே தள்ளிவிடும். மல்டிபாத் இருந்தால் ஒரே லன் நான்கு வழிகளில் நான்கு பெயர்களோடு தெரியலாம். ஏஎஸ்எம் டிஸ்க் தேடும் டிஸ்கவரி ஸ்டிரிங் அவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்தால், அதே டிஸ்க் மறுபடி வந்திருக்கிறது என்று ஓஆர்ஏ-15020 பிழை வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மனிதக் கைதான். ஏஎஸ்எம் டிஸ்க்கை லினக்ஸ் மவுண்ட் செய்வதில்லை. எல்எஸ்பிஎல்கே ஓட்டினால் 500 ஜிபி டிஸ்க் ஒன்று மவுண்ட் பாயின்ட் இல்லாமல், சும்மா கிடப்பதுபோலத் தெரியும். இடம் தேடி வரும் இன்னொரு அட்மின் அதில் ஈஎக்ஸ்டி4 போட்டுவிட்டால் டேட்டா போனதுதான். அடுத்த சர்வர் அதில் எழுதிக்கொண்டிருப்பது இந்த சர்வரின் கெர்னலுக்குத் தெரிய வழியே இல்லை. ஏஎஸ்எம் கேட்காவிட்டாலும் டிஸ்க் முழுவதற்கும் ஒரே பார்ட்டிஷன் போட்டு வை; காலி டிஸ்க் அல்ல என்று பார்ப்பவருக்கு அதுவே சொல்லும். பிறகு இரண்டு சர்வர்களையும் ரீபூட் செய்து, நீ எழுதி வைத்த எண்களோடு பெயர்களை மறுபடி ஒப்பிட்டுப் பார். எல்லாம் பொருந்தினால் இன்ஸ்டாலரை ஓட்டலாம்.

அன்புடன்,
அண்ணன்