‘தி’ போடவா, வேண்டாமா?

ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொல் எது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். விடை, ‘தி’. அச்சில் வந்த ஆங்கிலப் பக்கம் ஒன்றை எடுத்து எண்ணினால் நூறு சொல்லுக்கு ஐந்தாறு தடவையாவது அது தலைகாட்டும். ‘ஏ’யும் முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிடும். இவ்வளவு புழங்கும் இந்த ‘ஆர்ட்டிகிள்’ சொற்களைப் பற்றித்தான் நம்மிடம் இவ்வளவு தப்பான பாடங்களும் உலவுகின்றன. ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த இரண்டு மூன்று விதிகளை வைத்துக்கொண்டே வேலைக்கு விண்ணப்பம் எழுதும் வயதுவரை வந்துவிடுகிறோம். அவற்றில் சில அரைகுறை, சில முழுத் தப்பு.

நம்பிக்கை: ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துகளுக்கு முன்னால் ‘ஆன்’, மற்ற எழுத்துகளுக்கு முன்னால் ‘ஏ’.

எழுத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் கோளாறு. ஆங்கிலம் இதில் ஒலியை மட்டுமே பார்க்கிறது. ‘யூனிவர்சிட்டி’யை யூ என்ற உயிரெழுத்தில் எழுதினாலும் வாயில் முதலில் வருவது யகர ஒலி. அதனால் ‘ஏ யூனிவர்சிட்டி’. ‘ஹவர்’ என்று ஹெச் போட்டு எழுதினாலும் சொல்வது ‘அவர்’. அதனால் ‘ஆன் அவர்’. ஒரு ரூபாய் நாணயத்தில் வரும் ‘ஒன்’ ஓவில் தொடங்குகிறது, ஆனால் ஒலிப்பது ‘வன்’. அங்கே ‘ஏ’.

சுருக்கப் பெயர்களில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எம் என்பது மெய்யெழுத்து. ஆனால் அதன் பெயரைச் சொல்ல வாய் திறந்தால் முதலில் எகரம் வருகிறது. எனவே ‘ஆன் எம்.எல்.ஏ.’, ‘ஆன் எஃப்.ஐ.ஆர்.’, ‘ஆன் எல்.ஐ.சி. பாலிசி’. மறுபக்கம், உயிரெழுத்தில் தொடங்கும் யு.பி.எஸ்.சி.க்கு முன்னால் ‘ஏ’. மருத்துவ நுழைவுத் தேர்வின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னால் ‘என்’னில் தொடங்கும், ‘ஆன்’ தேவைப்படும். ‘நீட்’ என்று ஒரே சொல்லாகச் சொல்வதால் ‘ஏ’ போதும். எண்களுக்கும் இதே கணக்குத்தான்: 8, 11, 18 ஆகியவற்றுக்கு ‘ஆன்’, 1, 100 இரண்டுக்கும் ‘ஏ’.

காதை நம்பினால் போதும் என்று இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் தமிழ்க் காதுக்கு ஒரு சிக்கல் உண்டு. சொல்லின் முதலில் எகரம் வந்தால் நம் நாக்கு அதற்கு முன்னால் மெல்ல ஒரு யகரத்தைச் சேர்த்துவிடும். ‘எலி’யை ‘யெலி’ என்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘யெம்மெல்லே’ என்றே சொல்லி வளர்ந்தவருக்கு ‘ஏ யெம்மெல்லே’ சரியாகத்தானே கேட்கும்? ஹெச் என்ற எழுத்தும் அப்படியே. நாம் ‘ஹெச்’ என்கிறோம்; அகராதிகள் முதலில் தருவது ‘எய்ச்’. ஆங்கில ஏடுகள் ‘ஆன் ஹெச்.ஆர். மேனேஜர்’ என்று அச்சிடுவது அதனால்தான். ‘ஹெச்’ என்றே சொல்பவர் பேச்சில் ‘ஏ’ போட்டால் அவர் வாய்க்கு அது பொருத்தம். நான் குறை சொல்ல மாட்டேன். தேர்வுத் தாளில் மட்டும் ‘ஆன்’ எழுதிவிடுங்கள்.

நம்பிக்கை: ‘ஏ’தான் மூலச் சொல், உயிரொலி வந்தால் அது ‘ஆன்’ ஆகிறது.

வரலாறு தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற எண்ணைக் குறித்த சொல் ‘ஆன்’. அதுதான் ஒரு பக்கம் இன்றைய ‘ஒன்’ ஆகவும் இன்னொரு பக்கம் தேய்ந்து இந்த ஆர்ட்டிகிளாகவும் ஆயிற்று. மெய்யொலிக்கு முன்னால் னகரம் உதிர்ந்த பிறகு மிஞ்சியதே ‘ஏ’. எண்ணுப்பெயர் தேய்ந்து ‘ஒரு’, ‘ஓர்’ என்று இரு வடிவில் நிற்பதையும், உயிருக்கு முன்னால் ‘ஓர்’ வரும் மரபையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல.

இந்த னகரம் சும்மா இருக்கவில்லை, பக்கத்துச் சொற்களிலும் கைவைத்தது. சமையலறையில் கட்டும் ‘ஏப்ரன்’ முன்பு ‘நேப்ரன்’. ‘ஏ நேப்ரன்’ என்பதை எங்கே பிரிப்பது என்று குழம்பி ‘ஆன் ஏப்ரன்’ ஆக்கிவிட்டார்கள். ‘ஆடர்’ என்ற விரியன் பாம்பின் பெயரும் இப்படித்தான் தலையெழுத்தை இழந்தது. ‘நியூட்’ என்ற சிறு நீர்நில உயிரிக்கோ எதிர்மாறாக ஒரு னகரம் இலவசமாகக் கிடைத்தது.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கதை நம்மிடையே சுற்றுகிறது. நம் நாரத்தைக்கு உறவான ‘நாரங்’ ஆங்கிலத்துக்குப் போய் ‘ஏ நாரஞ்ச்’ என்று இருந்து, பிறகு ‘ஆன் ஆரஞ்ச்’ ஆனதாம். பாதி சரி. சமஸ்கிருத ‘நாரங்க’, பாரசீக ‘நாரங்’, அரபு ‘நாரஞ்ஜ்’ என்று அந்தச் சொல் மேற்கே போனது உண்மை. அதன் வேர் திராவிடமாக இருக்கலாம் என்று கருதுபவர்களும் உண்டு. ஸ்பானியர்கள் இன்றும் முதல் எழுத்தை விடாமல் ‘நரான்ஹா’ என்கிறார்கள். ஆனால் அந்த எழுத்து உதிர்ந்தது இத்தாலியிலும் பிரான்சிலும். ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோதே ஆரஞ்சு தலையில்லாமல்தான் வந்தது. ஆர்ட்டிகிள்தான் அதைத் தின்றது என்றாலும், தின்றது இங்கிலாந்து ஆர்ட்டிகிள் அல்ல.

நம்பிக்கை: ஒன்றை முதல் தடவை சொல்லும்போது ‘ஏ’, இரண்டாம் தடவை ‘தி’.

பாட்டி கதைக்கு இந்த விதி பொருந்தும். ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் ஒருவர் ‘கதவைச் சாத்து’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் கதவுக்கு முன்னால் ‘தி’தான் வரும். அந்தக் கதவைப் பற்றி அதுவரை யாரும் பேச்செடுக்கவில்லை. ‘நேற்று ஒரு சைக்கிள் வாங்கினேன், பெல் அடிக்கவில்லை’ என்றால் சைக்கிளுக்கு ‘ஏ’, பெல்லுக்கு ‘தி’. பெல்லும் முதல் தடவையாகத்தான் வருகிறது. ஆனால் சைக்கிள் என்றதுமே எந்த பெல் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது.

ஆக, எத்தனையாவது தடவை என்பது கேள்வியே இல்லை. ‘எது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா?’ இது ஒன்றே கேள்வி. தெரியும் என்றால் ‘தி’. தெரியாது, அல்லது எதுவானாலும் சரி என்றால் ‘ஏ’. பார்வைக்கு எளிது. ஆனால் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் 1905இல் இதைக் குடைந்து ஒரு கட்டுரை எழுதினார். போர் எதிர்ப்பு எழுத்துக்காக 1918இல் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தபோது எழுதிய கணிதத் தத்துவ நூலிலும் இந்தச் சொல்லை விடாமல் ஆராய்ந்தார். அவருக்கே அவ்வளவு வேலை வைத்த சொல் என்றால் நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்பிக்கை: தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் அந்த நுட்பம் நம் மண்டையில் ஏறாது.

இந்தப் பத்தியை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். காலையில் அம்மா மகனிடம், ‘கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வாடா’ என்கிறார். வாங்கி வந்த பிறகு, ‘பாலை அடுப்புல வை’ என்கிறார். முதலில் வெறும் ‘பால்’, பிறகு ‘பாலை’. அந்த ஐகாரம் ஏன் வந்தது? எந்தப் பால் என்று இருவருக்கும் இப்போது தெரியும், அதனால் வந்தது. தூங்கி எழுந்தவனிடம் திடீரென்று ‘பாலை வாங்கிட்டு வா’ என்று சொல்லிப் பாருங்கள்; ‘எந்தப் பாலை?’ என்று திருப்பிக் கேட்பான். ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ‘தி’ செய்யும் வேலையில் பெரும் பகுதியை நம் இரண்டாம் வேற்றுமை உருபு செய்துகொண்டிருக்கிறது.

முழுக்க அல்ல. ஆட்களைச் சொல்லும்போது ஐகாரம் எப்படியும் வந்தாக வேண்டும். ‘டாக்டரைப் பார்க்கணும்’ என்பவர் மனதில் குறிப்பிட்ட டாக்டர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுவாயிலோ இந்த அடையாளமே கிடையாது. அந்த இடங்களில்தான் நமக்குச் சறுக்குகிறது. நுட்பமே தெரியாததால் அல்ல. ஆர்ட்டிகிள் இல்லாதது நம் மொழி மட்டும் அல்ல: லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் அது இருந்ததில்லை. ரஷ்யன், சீனம், ஜப்பான் மொழிகளுக்கு இன்றும் இல்லை. (மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘தி’யைப் பார்த்த இடமெல்லாம் ‘அந்த’ போடாதீர்கள். ‘அந்தச் சூரியன் உதித்தது’ என்று படித்தால் வேறு எந்தச் சூரியன் என்று தேடத் தோன்றுகிறது.)

நம்பிக்கை: பெயருக்கு முன்னால் ‘தி’ வராது.

ஆளுக்கும் ஊருக்கும் பெரும்பாலும் வராது. ஆறுகளுக்கு வரும், காவிரிக்கும்தான். மலைத்தொடருக்கு வரும், தனிச் சிகரத்துக்கு வராது: இமயமலைக்கு உண்டு, எவரெஸ்டுக்கு இல்லை. பன்மையில் அமைந்த மாலத்தீவு, நெதர்லாந்து போன்ற நாட்டுப் பெயர்களுக்கு வரும். ஆங்கிலத்தில் நீலகிரிக்கும் அதனால்தான். இதில் அரசியலும் உண்டு. உக்ரைனை முன்பு ‘தி’ சேர்த்து எழுதினார்கள். 1991இல் தனி நாடான பின் ‘தி’ சேர்ப்பது ஏதோ ஒரு பெரிய நாட்டின் பகுதியைச் சொல்வதுபோல ஒலிக்கிறது என்று விட்டுவிட்டார்கள். காம்பியாவோ அதிகாரபூர்வப் பெயரிலேயே ‘தி’யை வைத்திருக்கிறது. நம் தி. நகரின் ‘தி’ மட்டும் தியாகராயருடையது.

நம்பிக்கை: எண்ண முடியாத பொருளுக்கு ‘ஏ’ போடக் கூடாது.

ஓட்டலில் ‘ஏ காபி’ என்று கேட்கலாம். அங்கே எண்ணுவது கோப்பையை. ஆனால் ‘ஆன் அட்வைஸ்’, ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதினால் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் தப்புத்தான்.

நம்பிக்கை: விட்டுவிட்டாலும் அர்த்தம் கெடாது.

‘ஏ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். ‘ஏ’யை எடுத்துவிட்டால் அனேகமாக யாருமே இல்லை என்ற புலம்பல். 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங், ஒரு மனிதனுக்குச் சிறிய அடி என்று சொல்ல நினைத்த இடத்தில் பூமியில் இருந்தவர்கள் காதில் ‘ஏ’ விழவில்லை. ஆர்ட்டிகிள் இல்லாத ‘மேன்’ மனித குலம் முழுவதையும் குறிக்கும்; மனித குலத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்ற அடுத்த பாதியோடு மோதி வாக்கியமே தன்னைத் தானே மறுத்துக்கொண்டது. ‘ஏ’ சொல்லத்தான் நினைத்தேன் என்று அவர் பிறகு விளக்கினார். ஒலிப்பதிவை ஆராய்ந்தவர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

இதைவிடக் கனமான வழக்கு ஒன்று உண்டு. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அந்த ஆண்டுப் போரில் பிடித்த நிலங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் ‘நிலங்கள்’ என்பதற்கு முன்னால் ‘தி’ இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் ஆர்ட்டிகிள் இருக்கிறது. எல்லா நிலங்களையும் சொல்லவில்லை என்று ஒரு தரப்பும், எல்லாவற்றையும்தான் சொல்கிறது என்று இன்னொரு தரப்பும் அன்று முதல் வாதாடுகின்றன.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ‘கோடிட்ட இடத்தில் ஏ, ஆன், தி நிரப்புக’ என்று தனி வாக்கியமாகக் கொடுத்து, வாசலில் நிற்கும் பையனுக்கு ‘ஏ’யா ‘தி’யா என்று கேட்காதீர்கள். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் அதற்கு ஒரே விடை கிடையாது. முன்னால் இரண்டு வரி சூழ்நிலை கொடுங்கள். அது முடியாது என்றால், இரண்டில் எதை எழுதினாலும் மதிப்பெண் போடுங்கள்.