இரண்டாம் முறை பிடிபடுபவர்

சிங்கப்பூரில் வாகனம் ஓட்டுபவரின் மூச்சில், 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராமுக்கு மேல் மது இருந்தால் அது குற்றம். 2019 நவம்பரில் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி, இக்குற்றத்திற்காக முதன்முறை பிடிபடுபவருக்கு 2,000 வெள்ளி முதல் 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் அபராதம் 5,000 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை உயரும். அதோடு ஈராண்டு வரை சிறையும் உண்டு. முதல் முறை குறைந்தது ஈராண்டுக்கு விதிக்கப்படும் வாகனமோட்டும் தடை, மறுமுறை குறைந்தது ஐந்தாண்டாகிறது.

முதல் குற்றத்திற்கும் இரண்டாம் குற்றத்திற்கும் இடையே சட்டம் ஏன் இவ்வளவு பெரிய கோடு போடுகிறது? முதல் முறை பிடிபட்டவர், “தெரியாமல் செய்துவிட்டேன், அளவு மீறிவிட்டது” என்று சொல்லலாம். அதை ஏற்பதும் ஏற்காததும் நீதிமன்றத்தின் பொறுப்பு. இரண்டாம் முறை பிடிபட்டவர் அப்படிச் சொல்ல முடியாது. காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அபராதம் கட்டியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் போய் வந்திருக்கிறார். அத்தனைக்கும் பிறகு மறுபடியும் குடித்துவிட்டுச் சாவியைக் கையில் எடுத்திருக்கிறார். ஆகவே, இத்தகையவருக்குத் தண்டனையை இன்னும் கூட்ட வேண்டும் என்பதே பலரின் முதல் எண்ணம். குடிபோதையில் ஓட்டியவரின் வாகனம் மோதிப் பெற்றோரையோ பிள்ளையையோ இழந்த குடும்பம் அப்படிக் கேட்பதில் வியப்பேதுமில்லை.

ஆனால், தண்டனையைப் பற்றிய அச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘பிடிபட்டால் என்ன ஆகும்?’ என்று கணக்குப் போடத் தெளிந்த மனம் வேண்டும். மது முதலில் மங்கச் செய்வதே அந்தத் தெளிவைத்தான். கால் தள்ளாடுவதற்கும் நாக்குக் குழறுவதற்கும் முன்பே, ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓட்ட முடியும்’ என்ற பொய்யான துணிச்சல் வந்துவிடுகிறது. ஓட்டலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே அப்போது போதையில் இருக்கிறது. (கருங்காப்பி குடித்தாலோ குளிர்ந்த நீரில் குளித்தாலோ போதை இறங்கிவிடும் என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். கல்லீரல் மதுவைத் தனக்குரிய வேகத்தில்தான் வெளியேற்றும். அதை விரட்ட முடியாது. முந்தைய இரவு அதிகமாகக் குடித்தவர் மறுநாள் காலையிலும் வரம்புக்கு மேல் இருக்கலாம்.)

இன்னொன்றும் உண்டு. குடித்துவிட்டு ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஒருவர் பிடிபடுவதில்லை. பிடிபடாமல் வீடு திரும்பும் ஒவ்வோர் இரவும் அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது: ‘இதனால் ஒன்றும் ஆகாது.’ சட்டப் புத்தகத்தில் உள்ள பெரிய தண்டனையைவிட, அந்த இரவுகள் கற்பித்த பாடமே அவர் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அது எவ்வளவு உறுதியாகவும் விரைவாகவும் வரும் என்பதே மனிதரைக் கட்டுப்படுத்துகிறது எனக் குற்றவியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அதற்காகச் சிறைத் தண்டனை வேண்டாம் என்று பொருளல்ல. சிறையில் இருக்கும்வரை அவரால் சாலையில் எவருக்கும் ஆபத்தில்லை. கேள்வி, அவர் வெளியே வந்த பிறகுதான் எழுகிறது. வாகனமோட்டும் தடை விதிக்கப்பட்ட காலத்தில் ஓட்டிச் சிக்கினால் மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம், வாகனமும் பறிமுதலாகலாம். எனினும், தடை என்பது தாளில் எழுதிய ஓர் ஆணை. அது காரின் கதவைப் பூட்டுவதில்லை. தடைக்காலம் முடிந்ததும் அவர் எழுத்துத் தேர்விலும் ஓட்டுநர் தேர்விலும் மீண்டும் தேற வேண்டும். இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அத்தேர்வு அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியுமா என்று சோதிக்கிறது. ஓட்டத் தெரியாததாலா அவர் தண்டிக்கப்பட்டார்? குடிப்பதையும் ஓட்டுவதையும் தனித்தனியே வைத்துக்கொள்ள அவருக்கு இப்போது முடியுமா என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டியது?

இக்கேள்விக்குச் சில நாடுகள் விடை தேடியிருக்கின்றன. பிரிட்டனில், பத்தாண்டுக்குள் இருமுறை மதுக் குற்றத்திற்காகத் தடை பெற்றவர், மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் உரிமத்தைத் திரும்பப் பெறலாம். நியூசிலாந்தில் 2018 ஜூலை முதல், மீண்டும் மீண்டும் இக்குற்றம் புரிவோரின் வாகனத்தில் ஒரு கருவி பொருத்தப்படுகிறது. அதை நாம் ‘மூச்சுப் பூட்டு’ என்று அழைக்கலாம். அது எஞ்சினோடு இணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் அதன் குழாயில் ஊத வேண்டும். மூச்சில் மது இருந்தால் எஞ்சின் உயிர்பெறாது. வேறொருவரை ஊதச் சொல்லி ஏமாற்றலாமே என்று நீங்கள் நினைக்கலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் கருவி இடையிடையே ஊதச் சொல்லும். அப்போது மது தெரிந்தால் எஞ்சினை நிறுத்தாது. நடுச்சாலையில் நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாறாக, அதைப் பதிவு செய்துகொள்ளும். சில கருவிகள் ஒலியெழுப்பியும் காட்டிக்கொடுக்கும்.

இக்கருவியைப் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2011இல் வெளிவந்தது. கருவி பொருத்தப்பட்டிருந்த காலத்தில், மீண்டும் பிடிபடுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. கழற்றிய பிறகோ, பழைய நிலையே திரும்பியது. முதல் செய்தியைப் படித்து மகிழ்வோர் இரண்டாவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கருவி காரைத்தான் பூட்டியது. பழக்கம் அப்படியே இருந்தது.

அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலம் வேறு வழியில் சென்றது. அங்கே 2005இல் தொடங்கப்பட்ட திட்டம் காரை விட்டுவிட்டுக் குடியையே பிடித்தது. திட்டத்தில் சேர்க்கப்பட்டவர் மது அருந்தவே கூடாது. நாள்தோறும் காலையும் மாலையும் நேரில் வந்து மூச்சுப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஓரிரு டாலர் கட்டணத்தை அவரே செலுத்த வேண்டும். மது தெரிந்தால் அங்கிருந்தே சிறைக்கு. ஆனால் ஓரிரு நாளுக்கு மட்டும். தண்டனை சிறியது, வருவதோ உறுதி, அதுவும் உடனே. இத்திட்டம் நடந்த வட்டாரங்களில் இக்குற்றத்திற்காக மறுமுறை கைதாவோர் எண்ணிக்கை 12 விழுக்காடு குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. குடும்ப வன்முறைக் கைதுகளும் 9 விழுக்காடு குறைந்திருந்தன. இந்த இரண்டாவது பயனைத் திட்டமிட்டவர்களே எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

மறுமுறை பிடிபடுவோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். அலட்சியத்தால் ஓட்டுபவர் ஒருவகை. குடியை நிறுத்த முடியாத நோயாளி இன்னொருவகை. முதலாமவருக்குச் சிறைக் கதவு பாடம் புகட்டலாம். இரண்டாமவருக்குச் சிறையோடு சிகிச்சையும் தேவை. சிங்கப்பூரில் மனநலக் கழகம் மதுப்பழக்கத்திற்குச் சிகிச்சை அளிக்கிறது. எனவே, உரிமம் திரும்பக் கிடைப்பதை நாள்காட்டி மட்டும் முடிவு செய்யக்கூடாது என்பது என் கருத்து. தடைக்காலம் முடிந்தவருக்கு மருத்துவரின் சான்று வேண்டும். அதன்பின் சில ஆண்டுகளுக்கு மூச்சுப் பூட்டு வேண்டும். அந்த ஆண்டுகளில் சிகிச்சையும் தொடர வேண்டும். “குற்றவாளிக்கு இத்தனை வசதியா?” என்று சிலர் கேட்பர். இவை அவருக்கான வசதிகள் அல்ல. பச்சை விளக்கை நம்பிச் சாலையைக் கடக்கும் முதியவருக்கும், நள்ளிரவில் மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டு செல்பவருக்கும் உரிய பாதுகாப்பு.

இதில் தீராத சிக்கல்களும் உண்டு. குடும்பத்தில் ஒரே கார் இருக்கிறது; தந்தை குற்றவாளி. கருவி பொருத்தப்பட்டால், மதுவையே தொடாத தாயும் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு காலையும் அந்தக் குழாயில் ஊத வேண்டும், அண்டைவீட்டாரும் பார்ப்பார்கள். செய்யாத குற்றத்திற்கு அவர் ஏன் தலைகுனிய வேண்டும்? இத்தனை உயிர்களுக்காக இந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே நான் நினைக்கிறேன். அந்தத் தாயின் இடத்தில் இருந்து பார்க்கும் உங்களில் சிலர் இதை மறுக்கக்கூடும்.