காலையில் உள்ளான், உச்சியில் தேன்பருந்து

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை நெகிரி செம்பிலானுக்கு ஒதுக்குங்கள். தெற்கே தங்கியிருந்த பறவைகள் சைபீரியப் பக்கம் திரும்பும் காலம் அது. பருந்து பார்க்க வருகிறவர்கள் நேரே தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் காலைப் பொழுதைத் தோட்டப்புறத்தில் கழித்துவிட்டுப் போங்கள். தேங்கிய தண்ணீரில் நிற்கும் உள்ளானும் அதே தொலைவைக் கடக்கிற பறவைதான்.

விடியவே ஏழேகால் ஆகிவிடும். ஏழரைக்கு ரெம்பாவ் வயல்வெளியிலோ, ரந்தாவ், லிங்கி பக்கத் தோட்டங்களிலோ இருங்கள். கோலப்பிலா வயல்கள் தூரம். அதற்கு வேறொரு நாள் வேண்டும். செம்பனை நிழலுக்குள் தேடிப் பயனில்லை. மறுநடவுக்காக மரம் சாய்த்த வெட்டவெளியில் மழைத்தண்ணீர் நிற்கிறதா, மாடு மேயும் புல்தரை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துப் பந்துத் திடலையும் விட்டுவிடாதீர்கள். பசிபிக் பொன் உப்புக்கொத்திக்குக் குட்டைப்புல் என்றால் பிரியம். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து கொத்தும். மார்ச் கடைசியில் சிலவற்றின் வயிற்றில் கறுப்பு திட்டுத் திட்டாக இறங்கியிருக்கும். வடக்கே போய் இணை சேர்வதற்கான இறகு அது.

சேற்றோரம் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பது ஆற்று உள்ளான். முதுகில் வெள்ளைப் பொறி தெளித்ததுபோல் இருந்து, பறக்கும்போது வால் மேல்புறம் வெள்ளையாகத் தெரிந்தால் பொறி உள்ளான். இவற்றைத் துரத்திப் படமெடுக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றுப் புழுவிலிருந்துதான் அவை சேர்க்கின்றன. காரை ஓரங்கட்டி உள்ளேயிருந்தே பாருங்கள். மனிதர் இறங்கினால்தான் அவை மிரளும்.

தோட்டத்துக்குள் நுழையுமுன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். வாசல் காவலர் தமிழராக இருந்தால் "அண்ணே, பறவை பார்க்க வந்தோம்" என்றால் போதும். நேப்பாளியாக இருந்தால் "தெங்கோக் பூரோங்" என்று மலாயில் சொல்லுங்கள். உயரமான புல்லில் பாம்பு இருக்கும், பூட்ஸ் அவசியம். 8x42 தொலைநோக்கி தாராளம்.

பத்து மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் தஞ்சோங் துவான் குன்றேறிவிடுங்கள். சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருந்தாலும் இந்தக் குன்றுக்காடு மலாக்காவைச் சேர்ந்தது. இப்போதுள்ள விளக்குக் கோபுரம் 1863இல் கட்டியது. எதிரே சுமத்ராவின் ரூப்பாட் தீவு சுமார் 38 கிலோமீட்டர். நிலத்தில் எழும் வெப்பக்காற்று கடல்மேல் கிடைக்காது. அதனால் அங்கிருந்து கடல் தாண்டி வரும் தேன்பருந்து வட்டமடித்து உயர முடியாமல், சிறகடித்து, உயரம் இழந்து கரை சேர்கிறது. அதனால்தான் குன்றின்மேல் நிற்பவருக்குக் கண்மட்டத்தில் அதன் முகமே தெரிகிறது: புறாவைப் போன்ற சிறிய தலை, நீண்ட கழுத்து. குளவிக்கூட்டைக் கிண்டித் தின்னும் பறவை அது. கரைக்கு வந்ததும் காட்டின்மேல் எழும் வெப்பத்தைப் பிடித்துச் சுழன்று மேலே போய்விடும். கூடவே சிறிய கறுப்பு வெள்ளைப் பருந்துக் கூட்டமும் வரலாம்.

மூன்று மணிவரை இருங்கள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். சாப்பாட்டுப் பையைக் குரங்கு விடாது. மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து மார்ச்சில் இங்கே பருந்துத் திருவிழா நடத்திவருகிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த வாரயிறுதி தோது.

மழை மூட்டமாக இருந்தால் பருந்து குறைவு. அன்றைக்கு வயலிலேயே நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் எந்தத் தோட்டம், எந்த நேரம், எத்தனை உள்ளான் என்று இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்துவிடுங்கள். பருந்தை எண்ணக் குன்றின்மேல் ஆளிருக்கிறது. தோட்டத்துக் குட்டையை நீங்கள்தான் எண்ண வேண்டும்.