விடுவதற்கும் ஒரு பட்டம் உண்டு

ஆடிப்பட்டம் தேடி விதைப்பவர்கள்கூட விடுவதற்குப் பட்டம் பார்ப்பதில்லை. "கர்த்தரிடம் ஒப்புக்கொடுங்கள்" என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவது சுலபம். திங்கட்கிழமை கத்தரிக்கோலோடு செடி முன்னால் நின்றால் கை வராது. கடலூர் பழைய நகரத்தில் அம்மா வீட்டுக் கொல்லையும், சிதம்பரத்தில் என் மொட்டைமாடித் தொட்டிகளும் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தவை இவை.

செய்ய வேண்டியவை

• நவம்பர் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு நாள் பார்த்து மல்லியைக் கவாத்து செய்யுங்கள். தரையிலிருந்து 45, 50 சென்டிமீட்டர் விட்டுவிட்டு மற்றதை வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் தொங்கும். பக்கத்தில் மல்லி மொட்டைக் குச்சியாக நிற்கும். கேக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் "செத்துப்போச்சா?" என்பார்கள். பங்குனியில் அதே ஆட்கள் பூ கேட்டு வருவார்கள். யோவான் 15ஆம் அதிகாரத்துத் தோட்டக்காரர் கனி கொடுக்கிற கொடியையும் விட்டுவைப்பதில்லை. இன்னும் கொடுக்கட்டும் என்று அதையும் சுத்தம் பண்ணுகிறார். ஓய்ந்துபோனதை விடச் சொன்னால் விட்டுவிடுவோம். நன்றாக நடப்பதை விடச் சொன்னால்தான் நமக்குக் கோபம் வருகிறது. தமிழில் செடி துளிர் விடும், வேர் விடும், மொட்டு விடும். கவலையை விடுவதும் பிள்ளையை வெளியூருக்கு விடுவதும் அதே வினைச்சொல்தான். இதை மல்லிச்செடி முன்னால் நின்று யோசித்துப் பாருங்கள்.

• காய்க்காததற்கு ஒரு வருஷம் தவணை கொடுங்கள். லூக்கா 13இல் வெட்டச் சொன்ன எஜமானிடம் அத்திமரத்துக்காகப் பரிந்து பேசுகிறவர், சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாக ஒப்புக்கொள்கிறார். வேலையும் உண்டு, கெடுவும் உண்டு. என் எலுமிச்சைக்கு நான் ஆறு வருஷமாகத் தவணை நீட்டிக்கொண்டிருந்தேன். அது பொறுமை என்று நினைத்தேன், வெட்டச் சோம்பல்தான்.

• அழ வேண்டியதற்கு அழுங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அம்மா வீட்டுப் பலாவும் பாதி வேர் வானம் பார்க்கக் கிடந்தது. தாத்தா நட்டது. முட்டுக்கொடுத்து ஒரு வருஷம் வைத்திருந்தோம், தழையவில்லை. வெட்டிய அன்று அம்மா சாப்பிடவில்லை. யாரோ ஆறுதலாக யோனாவின் ஆமணக்கைச் சொன்னார்கள்: ஒரு ராத்திரியில் முளைத்து, ஒரு ராத்திரியில் அழிந்த செடி. எனக்கு அந்த ஒப்புமை பிடிக்கவில்லை. யோனா அந்த ஆமணக்கை நடவுமில்லை, தண்ணீர் ஊற்றவுமில்லை. பலாவுக்கு மூன்று தலைமுறை தண்ணீர் ஊற்றியிருக்கிறது. முந்திரி ஒட்டுக்கன்று நட்டவர்கள் சில வருஷத்தில் காய் பார்த்துவிட்டார்கள். பலாவுக்கு அந்த அவசரம் ஆகாது.

செய்யக்கூடாதவை

• மேலே சொன்ன தவணையை நோய்ச்செடிக்குக் கொடுக்காதீர்கள். சிதம்பரத்துக்காரர்களுக்குக் கொத்சு இருக்கிறவரை கத்தரிமேல் பாசம் போகாது. பாலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பாலூர் 1 ரகம் எட்டுச் செடி வைத்திருந்தேன். ஒன்றில் இலை சிறுத்து, குச்சி முழுக்கக் கொத்துக்கொத்தாக வந்தது. சிற்றிலை நோய். வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. தத்துப்பூச்சி அதை அடுத்த செடிக்கும் கொண்டுபோகும். கண்டவுடன் பிடுங்கி எரித்திருக்க வேண்டும். நான் ஜெபம் பண்ணி, மோர்க்கரைசல் தெளித்து, இரண்டு வாரம் பார்த்தேன். எட்டும் போயின. அந்த மாதம் கொத்சுக்குக் கத்தரி சந்தையில் வாங்கினோம்.

• கடல் புகுந்த மண்ணில் உடனே நடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் மண்ணில் உப்பு தங்கியதைப் பார்த்தோம். மழை வந்து உப்பைக் கழுவி இறக்கட்டும்.

• நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்காதீர்கள். உயிர்த்தெழுந்தவரை மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்றுதான் முதலில் நினைத்தாள். அடையாளம் தெரிந்து நெருங்கியதும், தொட வேண்டாம் என்றார் அவர். எந்தத் தோட்டக்காரரும் சொல்வதுதான்.

• ஆசைப்பட்டதையெல்லாம் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேரைக் கொடுத்த மரம் இன்று ஊருக்குள் இல்லை. பிச்சாவரத்துச் சதுப்பில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

• அறுப்பின் பண்டிகையில் கோவிலுக்குக் கொடுத்த பூசணியை, அங்கே ஏலம் விடும்போது நீங்களே எடுக்காதீர்கள். நான் ஒரு வருஷம் எடுத்தேன். பந்தலில் தொங்கியபோதே அதற்கு உறி கட்டிவிட்டவன் நான்; இன்னொருவர் விலை கேட்டதும் பொறுக்கவில்லை. கடை விலைக்கு மூன்று மடங்கு கொடுத்து ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோவிலுக்குக் கொடுத்ததை வீட்டில் சமைக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போனது.