விற்காத கூடை

விராலிமலை

அன்பு மருமகளுக்கு,

வயர்க்கூடை பின்னப் பழகியதும் அதை விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தேர்வு முடிந்த கையோடு வரவு செலவு யோசிக்கிறாயே, உன் அப்பாவின் மகள்தான்! ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் மகளிர் குழுக் கூட்டம் இருக்கும் நாள் எனக்கு எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

அன்றைக்குச் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு வயர் வெட்ட உட்காருவேன். பின்னுவதைவிட வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். நீளத்தில் ஒரு சாண் குறைந்தாலும் கூடையின் வாய்ப்பக்கம் வரும்போது கையில் பிடிக்க முனை இருக்காது. வெட்டிய வயரைச் சரிபாதியாக மடித்து, அந்த மடிப்பில், வரிசை நெடுக ஓடும் ஓட்டு வயரைக் கோத்து முடிச்சுப் போடு. அப்படி வரிசை வரிசையாகப் போட்டால் அடிப்பாகம் வரும். நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மேலே திருப்பி, ஓட்டு வயரைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனால் சுவர் எழும்பும். கடைசியில் மிச்ச முனைகளை உட்புறமாக முடிச்சுகளுக்குள் செருக வேண்டும். சிவன் கண் முடிச்சும் நெல்லிக்காய் முடிச்சும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். சாதா முடிச்சில் நாலு மூலையும் ஒரே மாதிரி வரும்வரை அவற்றைத் தொடாதே.

பதினோரு மணிக்குக் கூட்டம். பாயை விரித்ததும் முதல் வேலை சேமிப்புப் பணம் கட்டுவது. பிறகு பழைய கடன் தவணை, புதிதாகக் கடன் கேட்பவர்களின் காரணம், அதன்மேல் பேச்சு, சில நாள் சண்டையும்தான். குழுவை நடத்தும் ஊக்குநர் எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதி வாசிப்பார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவியதில் எங்களுக்கு வந்து சேர்ந்த பழக்கம் இது. எங்கள் குழுவில் மூத்தவர்கள் சிலர் கைநாட்டை விட்டதற்குக் காரணம் வேறு. 1991இல் நம் மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தவர்கள் அவர்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகியதும் அந்தக் காலத்தில்தான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இப்போதும் கூட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போகும்.

கூட்டாகச் சேர்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. மதுரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கொடும்பாளூர். மூவர் கோயிலைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். பூதி விக்கிரமகேசரி என்ற சிற்றரசர் கட்டிய அந்த மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டு. அதே ஊரில் மணிக்கிராமம் என்ற வணிகர் குழு இருந்தது. அந்தப் பெயர் கடல் தாண்டியும் போயிருக்கிறது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. வியாபாரத்துக்குப் போன இடத்தில் குளத்துக்கும் காவல்! எங்கள் குழுவிலும் கூடை பேசும் நேரத்தைவிட ஆஸ்பத்திரிச் செலவும் பள்ளிக் கட்டணமும் பேசும் நேரம்தான் அதிகம்.

மதியம் ஆர்டர் வேலை. கல்யாண வீட்டுத் தாம்பூலத்துக்குச் சின்னக் கூடைகள் கேட்பார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம். இங்கேதான் சிக்கல். முடிச்சு எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் இறுக்கிப் பின்னுகிறவளின் கூடை குட்டையாகவும், தளர விடுகிறவளின் கூடை நெட்டையாகவும் வரும். அதனால் முதல் கூடையை நடுவில் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அதனோடு ஒட்டவைத்துப் பார்த்துக்கொள்வோம். உன் கைக்கு எது பிடிக்கிறது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. நாள் தவறாமல் கொடுக்க வேண்டும், கணக்குச் சரியாக இருக்க வேண்டும். அந்த வேலைக்கும் ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் பொழுதுபோக்கு என்று அதைச் சொல்லமாட்டேன்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும், எங்களிடம் கூடை கேட்பவர்கள் கூடினார்கள். வயரும் பிளாஸ்டிக்தானே அத்தை என்பாய். ஆமாம்தான். வருடக்கணக்காக உழைக்கும், கைப்பிடி போனால் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் பதில். அது முழுப் பதில் இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து என் கூடையை எடுப்பேன். மலையடி மயில்கள் கத்தும் நேரம் அது. ஆர்டரில் மிஞ்சிய துண்டு வயர்களில் பின்னுவது, நிறம் கண்டபடி இருக்கும். பிடிக்காத வரிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மறுபடி பின்னாமல் எழுந்து போனாலும் கேட்க ஆளில்லை. சாதா முடிச்சு வளைந்து பூ மாதிரி விரியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். வாங்க வந்தாலும் கொடுக்கமாட்டேன்.

ஆகவே விற்பதில் தப்பில்லை. விற்க ஆசை இருந்தால் குழுவில் வந்து உட்கார், பக்கத்திலேயே இடம் போடுகிறேன். ஆனால் முதல் கூடையை விலை பேசாதே. உனக்கே வைத்துக்கொள், இல்லையென்றால் உன் அம்மாவுக்குக் காய்கறி வாங்கக் கொடு. எந்த இடத்தில் முடிச்சு தளர்கிறது என்று ஒரு மாதத்தில் அதுவே காட்டிவிடும்.

லீவுக்கு வரும்போது திருச்சியில் மஞ்சள் வயர் ஒரு கட்டு வாங்கி வா. பச்சை என்னிடம் நிறைய இருக்கிறது. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. ஒரு முனையை மடித்துப் பார், மடித்த இடம் வெளுத்தால் வேறு கடைக்குப் போ.

உன் அத்தை