புரட்டாசிக்குள் கூரையைப் பார்த்துவிடு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. வேதாரண்யத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிப் பால் காய்ச்சிவிட்டீர்கள் என்று உன் அம்மா சொன்னபோது மனம் நிறைந்தது. முன்கட்டு மங்களூர் ஓடு, அடுப்படிக்குச் சிமெண்ட் ஷீட், பக்கத்து அறைக்கு மட்டும் கான்கிரீட் தளம் என்று மாப்பிள்ளை போனில் விவரம் சொன்னார். தரைக்கு டைல்ஸ் போடவும் வெள்ளையடிக்கவும் கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்களாம். அதெல்லாம் பிறகு ஆகட்டும். ஆவணி பிறந்துவிட்டது, ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம்தான். கையில் இருக்கிற பணத்தில் முதல் பங்கு கூரைக்குப் போகட்டும்.

நீ குடியேறியிருப்பது எந்தக் கரை என்று நினைத்துப் பார். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 என்று நாகப்பட்டினத்துப் பெரியவர்கள் இன்றும் புயலை வைத்துத்தான் வருடத்தைச் சொல்வார்கள். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வீசிய காற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உன் வீடு அந்த இரவைத் தாண்டி நிற்கிறது என்பதற்காக அடுத்ததையும் தாண்டும் என்று நம்பிவிடாதே. அன்று ஆட்டம் கண்ட ஆணியும் விரிசல் விட்ட ஓடும் அப்படியே இருக்கலாம். அதன் மேல் இத்தனை வருட உப்புக்காற்றும் சேர்ந்திருக்கிறது.

கட்டட வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை உன் மனதில் பதிய வைக்க விரும்புகிறேன். புயல் கூரையைக் கீழே அமுக்குவதில்லை, மேலே தூக்குகிறது. கூரைக்கு மேலே வேகமாகப் பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து உறிஞ்சும். காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலோ கதவோ திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். எதிர்காற்றில் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்வது இதனால்தான். 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 65 கிலோவுக்கு மேல் வரும். அதே பரப்புள்ள சிமெண்ட் ஷீட்டின் எடையோ 15 கிலோ அளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்கிறது. ஆகவே கனமான கூரை, புதுக் கூரை என்ற பேச்சில் மயங்காதே. கட்டு உறுதியா என்று மட்டும் கேள். ஓடு ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் சுவரோடும் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒரு இடம் விட்டாலும் மேலே உள்ளதெல்லாம் போய்விடும்.

பார்வையை வீட்டுக்குள்ளிருந்து தொடங்கு. நடுப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் ஒழுகும் இடமெல்லாம் தெரியும். மரத்தில் கறுத்த ஈரத்தடம் இருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடு. பிறகு ஏணி வைத்து, கைமரங்கள் சுவரில் உட்காரும் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல். கரையானும் உளுப்பும் முதலில் பிடிப்பது அந்த நுனியைத்தான். வெளியே முழுசாகத் தெரியும் பனங்கை உள்ளே கூடாக இருக்கும். நல்ல மரமாக இருந்தாலும், பழைய வீடுகளில் பெரும்பாலும் அது சுவர்மேல் சும்மா உட்கார்ந்துதான் இருக்கும். அதை இரும்புப் பட்டை வளைத்து, போல்ட் போட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டும். உன் வீட்டில் செலவு செய்ய வேண்டிய முதல் இடம் இதுதான் என்பேன்.

ஓட்டில் எல்லா இடத்தையும் ஒரே கண்ணோடு பார்க்க வேண்டாம். உறிஞ்சல் அதிகம் இருப்பது இறவாணத்து ஓரம், முகடு, நான்கு மூலைகள், பக்கச்சுவர் விளிம்பு ஆகியவற்றில். கடைசி இரண்டு வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொல். அதற்காகத்தான் மங்களூர் ஓட்டின் அடியில் துளை வைத்திருக்கிறார்கள். முகட்டு ஓட்டுக்கு அடியில் உள்ள சாந்து வெடித்திருந்தால் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். இந்தச் சோதனையை ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடாதே. மேற்கே நகரும் புயலின் கண் தலைக்கு நேராகக் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். முதல் அடியில் தளர்ந்தது இரண்டாம் அடியில்தான் பறக்கும்.

அடுப்படி ஷீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அதைப் பிடித்திருப்பது கொக்கி போல்ட்டுகள். வேதாரண்யத்து உப்புக்காற்றில் போல்ட்டின் தலை நன்றாக இருக்கும்போதே நடுத்தண்டு இற்றுப்போகும். நான்கைந்தைக் கழற்றிப் பார்க்கச் சொல். தண்டு மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் துத்தநாகம் பூசிய புது போல்ட்டாக மாற்றிவிடு. வாஷர் வெடித்திருந்தால் ஒழுகும். ஒழுகிய நீர் அடியிலுள்ள சட்டத்தைத் தின்னும். போல்ட் ஷீட்டின் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் இருக்கக் கூடாது. துளை நீண்டு கிழிந்திருந்தால் அந்த ஷீட் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தாங்கும் சட்டங்களுக்கு நடுவே நாலரை அடிக்கு மேல் இடைவெளி இருந்தால், இடையில் இன்னொரு சட்டம் போடச் சொல். ஓரங்களில் போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

யாரையும், முக்கியமாக மாப்பிள்ளையை, அந்த ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்க விடாதே. பழைய சிமெண்ட் ஷீட் சொல்லாமல் உடையும். அப்படி விழுந்து இடுப்பொடிந்தவர்களையும் உயிரிழந்தவர்களையும் இந்தத் தொழிலில் கண்டிருக்கிறேன். இரண்டு சட்டங்களுக்கும் பாலமாக நீளப்பலகை போட்டு, அதன்மேல்தான் நகர வேண்டும். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அறுப்பதோ துளைப்பதோ இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் செய்ய வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. குழந்தையை அன்று உன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு.

கான்கிரீட் தளம் பறக்காது. ஆனால் அதற்கும் நோய் உண்டு. அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போகச் சொல்; 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் கம்பி துருப்பிடித்து, ஊதி, காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே பத்து வாளி தண்ணீர் ஊற்றினால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். வடிகுழாய் வாயில் அடைந்த இலைதழையை மாதம் ஒருமுறை எடு. கைப்பிடிச் சுவர் ஆடுகிறதா என்று கைவைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் புயல் எச்சரிக்கை வந்தவுடன் நிரப்பிவிடு. வெறும் தொட்டியைக் காற்று உருட்டிக்கொண்டு போகும். 1000 லிட்டர் தண்ணீர் என்பது 1000 கிலோ எடை, அதை அசைப்பது கடினம்.

ஷீட் விற்பவரிடமே கூரையைப் பார்க்கச் சொன்னால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். வேலை தெரிந்த ஒரு தச்சரையும், கட்டட இன்ஜினியர் ஒருவரையும் கூப்பிட்டுத் தனித்தனியாகக் கேள். அவர்கள் குறை சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து வை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை விற்கின்றன. புயல் சேதம் அதில் அடங்கும். புயலுக்கு முன் எடுத்த படமும் பின் எடுத்த படமும் சேர்ந்திருந்தால் உன் பேச்சுக்கு வலு இருக்கும். புயல் ஓய்ந்ததும் கூரைக்கு ஓடாதே. அறுந்த மின்கம்பி மேலே கிடக்கலாம். மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு ஏணி வை.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தத் தச்சர் "இந்த அடுப்படிக் கூரையை நம்ப முடியாது" என்று சொன்னால், அதையும் ஒரு நல்ல பதிலாக எடுத்துக்கொள். எச்சரிக்கை வந்த அன்று எந்த அறையில் படுக்கக் கூடாது, எப்போது கதவைப் பூட்டிக்கொண்டு புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போக வேண்டும் என்பது உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்திருப்பது வீரம் ஆகாது.

கடைசியாக ஒன்று. காற்றில் பறக்கும் ஷீட் உன் வாசலோடு நிற்காது. அடுத்த வீட்டுச் சுவரிலோ, தெருவில் ஓடும் மனிதர் கழுத்திலோ போய் இறங்கும். உன் கூரையை நீ இறுக்கிக் கட்டினால் தெருவுக்கே செய்த காவல் அது. வாங்கிவந்த போல்ட்டில் மீந்ததை வீட்டில் வைத்துக்கொள்ளாதே. பின்வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியின் ஷீட்டையும் அதே தச்சரை வைத்து அதே நாளில் முடுக்கிக் கொடு. கூலிக்குப் பணம் குறைந்தால் எனக்குச் சொல், நான் அனுப்புகிறேன். புரட்டாசி முடிவதற்குள் வேலை முடிந்தது என்று மாப்பிள்ளையிடமிருந்து எனக்குப் போன் வர வேண்டும்.

பிள்ளைக்கு என் முத்தம். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
பெரியப்பா