முதலில் எண்ணு, பிறகு வரை

அன்புள்ள தம்பிக்கு,

நோட்டு வந்து சேர்ந்தது. முயல் தீவு மணலில் உட்கார்ந்து நீ வரைந்த பக்கங்கள் எல்லாமே அழகு. ஆனால் அடம்பங்கொடிப் பூவின் வாயில் ஆறு பட்டை போட்டிருக்கிறாய். அந்தப் பூவில் இருப்பவை ஐந்து. துறைமுகத்து கிரேன்களைப் பின்னணியில் ஒன்று விடாமல் வரைந்தவனுக்கு, மடியருகில் கிடந்த பூவை எண்ண நேரமில்லையா?

நாளைக்கே போய் அதே கொடியின் முன் குந்து. முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாதே. இலை நுனியில் ஒரு வெட்டு. இதற்குப் பெயர் வைத்த லின்னேயசுக்கு அது ஆட்டுக்காலாகத் தெரிந்தது. குறுந்தொகைப் புலவர் ஒருவருக்கு மான் குளம்பாகத் தெரிந்தது. இருவரும் பார்த்தது ஒரே வெட்டைத்தான். இலையைத் திருப்பிக் காம்பு சேரும் இடத்தைப் பார். இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கும். தேன் கசியும், எறும்பு மொய்க்கும். அந்த எறும்பை நீ பார்த்திருப்பாய், தட்டியும் விட்டிருப்பாய். எதற்கு வந்தது என்று கேட்டிருந்தால் சுரப்பி படத்தில் விழுந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர் இறங்குவதையும் விட்டுவிட்டாய். வேர் இல்லாத அடம்பு அந்தரத்தில் தொங்குகிறது.

உன்னைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை கிடையாது. உன் வயதில் இராவணன் மீசைப் புல்லை வரைந்தேன். முள்ளுமுள்ளாகப் பெரிய உருண்டை ஒன்று, பக்கத்திலேயே சிறிய கதிர்க் கொத்து ஒன்று, இரண்டும் ஒரே செடியில். பார்த்த தாவரவியல் பேராசிரியர் ஒருவர், “ஆணும் பெண்ணும் வேறுவேறு செடியப்பா” என்று சிரித்தார். உருண்டை பெண் செடியுடையது. முற்றியதும் கழன்று, காற்றில் உருண்டோடி விதை போடும். இரண்டு செடியில் பார்த்ததைக் கொண்டுவந்து ஒன்றில் ஒட்டியிருந்தேன். அந்தப் படம் இன்னும் என் மேசைக்கு மேல் தொங்குகிறது.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1830-களில் நம் பாளையங்கோட்டையில் இருந்தவர். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் 2,101 படங்கள் உண்டு. வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்களுக்கு வரைந்தவர்களில் பெயர் தெரியாமல் போனவர்களே அதிகம். இவர்கள் பெயரை வைட் படத்தின் ஓரத்தில் அச்சிட்டார். ஒரு ஆர்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். பின்னால் வகைப்பாடு மாறி அந்தப் பெயர் வழக்கொழிந்தது. படங்களை இன்றும் தாவரவியலாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். நீயும் ஓரத்தில் பெயர் போடு. போடுமுன் அந்த ஓரத்துக்குத் தகுதியாக வரை.

வண்ணத்தைக் கரையில் பூசாதே. ஆடிக் காற்றில் ஈரத்தாளில் மணல் ஒட்டினால் போகாது. அங்கே பென்சில், ஸ்கேல், தாளுக்கு நாலு கிளிப் போதும். தாள் ஓரத்தில் வண்ணத்தை மட்டும் தொட்டுப் பொருத்திக்கொண்டு வா. அடம்பம்பூ மதியத்துக்குள் வாடிவிடும். பூவை முதலில் முடி, இலை காத்திருக்கும். உப்பளத்து வரப்பில் நிற்கும் உமரி மழை முடிந்ததும் பச்சை, கோடையில் சிவப்பு. எது சரியான நிறம் என்று கேட்டு எழுதியிருந்தாய். இரண்டும் சரி, தேதி போட்டிருந்தால். பெயரில் சந்தேகம் வந்தால் புத்தகத்துக்கு முன் உப்பு வாருகிற அக்காமாரிடம் கேள். உமரியைக் கீரையாக ஆக்கித் தின்றவர்கள் அவர்கள்.

கடலுக்குள் இருக்கும் மற்றத் தீவுகளுக்குப் போய் வரையலாமா என்றும் கேட்டிருந்தாய். அவை தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நம் பக்கத்து விலங்குசல்லி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. வான் தீவு சுருங்கிவிட்டது. அங்கே என்ன செடி எந்த மேட்டில் நின்றது என்று யாராவது அன்றே வரைந்து இடமும் நாளும் எழுதியிருந்தால் இன்று எடுத்துப் பார்த்திருக்கலாம்.

உன் நோட்டில் ஒரு பக்கத்திலும் தேதி இல்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு முயல் தீவுக்கு வருகிறேன். தொப்பியும் தண்ணீரும் கொண்டு வா. ரப்பர் வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்